வெட்டிய இடத்தில் என்ன இருக்கிறது?

கெர்னலை, அதாவது ஹார்டுவேருக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நிற்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: “வேண்டாததை எல்லாம் எடுத்துவிடலாமே.” நியாயமான பேச்சுதான். 1991-இல் லினக்ஸின் முதல் பதிப்பு சுமார் 10,000 வரி. இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு ஹார்டுவேரையும் இயக்கும் பகுதிகள். என் மேஜை மேல் இருக்கும் கணினிக்கு அதில் மிகச் சிறு பங்குதான் தேவை. மீதியெல்லாம் நான் வாழ்நாளில் பார்க்கப்போகாத நெட்வொர்க் கார்டுகளும், வழக்கொழிந்த ஃபைல் சிஸ்டங்களும், யாரோ ஒரு நிறுவனம் ஒரே ஒரு வருடம் விற்ற டிவி டியூனர்களும். இதைத் தூக்கிச் சுமப்பானேன் என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

எனக்கும் தோன்றியதுண்டு. கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையைத் திறந்து, ஒவ்வொரு வரியாக ‘என்’ (வேண்டாம்) அழுத்திக்கொண்டே போவதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டை ஒழிப்பது போன்ற சுகம். கடைசியில் கம்பைல் செய்து இமேஜின் அளவைப் பார்க்கும்போது வரும் திருப்தியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முடிந்ததையெல்லாம் எடுத்துவிடும் டைனிகான்ஃபிக் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டு எக்ஸ்86 கணினிக்குக் கட்டினால் இமேஜ் ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். அதை வைத்து எதையும் செய்ய முடியாது என்பது வேறு விஷயம். திரையில் ஒரு எழுத்தைக் காட்டக்கூட அதற்குத் தெரியாது.

பிரச்சினை இந்தச் சுகத்தில் இல்லை. “சின்ன கெர்னல்” என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மனதில் இருக்கும் படம் இதுதான்: முழுக் கெர்னல் ஒரு பெரிய வட்டம், சின்னது அதற்குள் இருக்கும் சிறிய வட்டம். பெரியதில் ஓடிச் சோதித்தது சின்னதிலும் ஓடும். சின்னதில் இருப்பதெல்லாம் பெரியதிலும் இருக்கிறதே, அப்புறம் என்ன? நான் வேலை பார்த்த ஓர் அணியில் இந்தப் படத்தை நம்பித்தான் எல்லாமே நடந்துகொண்டிருந்தது. ஒரே சோர்ஸ், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று சொல்லும் கான்ஃபிக் கோப்புகள் இரண்டு. மேசையில் வைத்து வேலை பார்க்கும் போர்டுகளுக்கு ‘பெரிசு’. வாடிக்கையாளரிடம் போகும் கருவிக்கு ‘சின்னது’. சோதனைகளில் முக்கால்வாசி பெரியதில்தான் நடக்கும், ஏனென்றால் அதில்தான் டிரேசிங் இருந்தது, டீபக் வசதி இருந்தது, எஸ்எஸ்எச் போட்டுத் தொலைவிலிருந்தே உள்ளே போக முடிந்தது.

“கொடுத்தாச்சு” என்று சொன்ன காலி ஃபங்ஷன்

கருவியில் ஒரு சென்சார் இருந்தது. ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இணைப்பில்) தொங்கும் சாதாரண சென்சார். புதிதாக வந்த ஒரு தொகுதிக் கருவிகளில் மட்டும் அது பேச மறுத்தது. அதே போர்டில் பெரிய கெர்னலை ஏற்றினால் உடனே பேசியது. சின்னதைப் போட்டால் மௌனம். மௌனம் என்றால் முழு மௌனம். சின்ன கான்ஃபிக்கில், கெர்னல் தன் செய்திகளை வெளியிடும் பிரிண்ட்கே வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த ஆப்ஷனின் உதவிக் குறிப்பிலேயே, இதை எடுத்தால் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம், ‘என்’ சொல்லாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கெர்னலுக்குள் இருக்கும் செய்தி வாக்கியங்கள் எல்லாம் சேர்ந்து கணிசமான இடம் பிடிக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

சோர்ஸ் ஒன்று, டிரைவர் ஒன்று, போர்டு ஒன்று. பெரியதில் ஓடுகிறது, சின்னதில் ஓடவில்லை. எல்லாரும் டிரைவரின் கோடையே (code, நிரலையே) முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் தவறே இல்லை. “ரெகுலேட்டர் கெட்” என்று கேட்கிறது, பிழை வந்ததா என்று பார்க்கிறது, “ரெகுலேட்டர் எனேபிள்” என்று கூப்பிடுகிறது, அதற்கும் பிழை வந்ததா என்று பார்க்கிறது. பாடப்புத்தகத்தில் போடலாம். ஹார்டுவேர் பக்கம் இருந்த சீனியர் ஒருவர்தான் கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி, பின்னுல வோல்டேஜ் வருதா? மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?” பார்த்தால், வரவில்லை.

நடந்தது இதுதான். சின்ன கான்ஃபிக்கில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்ற பகுதியையே முழுதாக எடுத்திருந்தார்கள். எடுத்துவிட்டால் டிரைவர் கம்பைல் ஆகக்கூடாது அல்லவா? ஆகும். ஏனென்றால் கெர்னலின் ஹெடர் கோப்பில் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பகுதி இல்லாத கெர்னலில் அதே பெயரில் காலி ஃபங்ஷன்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். “ரெகுலேட்டர் கெட்” என்று கேட்டால் பிழை இல்லை என்ற பாவனையில் ஒரு நல் (NULL, வெற்று) மதிப்பு திரும்பி வரும். “ரெகுலேட்டர் எனேபிள்” என்றால் பூஜ்யம், அதாவது வெற்றி. மின்சாரம் கொடு என்றால், “கொடுத்தாச்சு” என்று பதில். கொடுக்க அங்கே ஆளே இல்லை. அதுவரை, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரே அந்த மின்தடத்தை இயக்கிவைத்துவிட்டுப் போயிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புதிய தொகுதியில் வந்த பூட்லோடர் பதிப்பு அதை அணைத்துவிட்டுப் போனது. குட்டு வெளிப்பட்டது.

அந்தக் காலி ஃபங்ஷனை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் “ரெகுலேட்டர் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி” என்று இஃப்டெஃப் (#ifdef) நிபந்தனைகளின் காடு முளைத்திருக்கும். மின்சாரத்தை மென்பொருள் கட்டுப்படுத்தாத போர்டுகளில் “கொடுத்தாச்சு” என்ற பதில் உண்மையும்கூட. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த வட்டத்துக்குள் வட்டம் படம் என் மனதில் ஒட்டவில்லை. நாங்கள் ஒரு பகுதியை எடுத்துவிட்டதாக நினைத்த இடத்தில் இன்னொரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அது பெரிய கெர்னலில் இல்லவே இல்லாத கோடு. அதனால் பெரியதில் எத்தனை நாள் சோதித்திருந்தாலும் அகப்பட்டிருக்காது.

தேடிப் பார்த்தால் கெர்னல் முழுக்க இப்படித்தான். இதைவிட நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2015-இல் வந்த 4.1 பதிப்பில் மல்டியூசர் என்று ஓர் ஆப்ஷன் சேர்ந்தது. பல பயனர்கள், குழுக்கள், உரிமைகள் என்ற முழு ஏற்பாட்டையும் எடுத்துவிடலாம். ஏறத்தாழ 25 கேபி மிச்சமாகும். ஒரே ஒரு புரோகிராம் ஓடும் குட்டிக் கருவிகளுக்கு அது உதவிதான். எடுத்துவிட்டால் எல்லா புரோசஸும் ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக ஓடும். “இவனுக்கு இந்த உரிமை இருக்கிறதா?” என்று கெர்னலின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் “இருக்கிறது” என்ற ஒரே பதில்தான் வரும். அதைப் பெரிய கெர்னலின் உட்கணம் என்று எப்படிச் சொல்வது? அது வேறு விதிகளோடு ஓடும் வேறு கெர்னல்.

யார் சோதிப்பது?

லினக்ஸில் இன்றைக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கான்ஃபிக் ஆப்ஷன்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒய் (சேர்), எம் (மாட்யூல், அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பு), என் (வேண்டாம்) என்று இரண்டோ மூன்றோ நிலை எடுக்கும். சேர்க்கைகளின் எண்ணிக்கையை எழுத இந்தப் பக்கம் போதாது. ராண்ட்கான்ஃபிக் போட்டுக் கண்டபடி சேர்க்கைகளை உருவாக்கிக் கம்பைல் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் புண்ணியத்தில் பல ஓட்டைகள் அடைபடுகின்றன. ஆனால் கம்பைல் ஆகிறதா என்பது வேறு, ஓடுகிறதா என்பது வேறு. எங்கள் சென்சார் கதையில் எல்லாம் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆயிற்று.

நடைமுறையில் சோதனை பெறுவது ஒரு கைப்பிடி கான்ஃபிக்குகள்தான். லினக்ஸைத் தொகுத்துத் தரும் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்களின் கெர்னல்களைக் கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள். அதில் ஒரு பிழை வந்தால் உங்களுக்கு முன்னால் நூறு பேர் அதை முறையிட்டிருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்து செதுக்கிய கெர்னலை உலகத்தில் ஓட்டுவது நீங்கள் ஒருவர் மட்டுமே. ஓபன்பிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தின் ஆவணம் இந்த விஷயத்தில் முகத்தில் அடித்தாற்போல் பேசும்: நாங்கள் தரும் ஜெனரிக் (பொது) கெர்னலையே பயன்படுத்துங்கள், நீங்களாகச் செதுக்கியதில் வரும் பிழைகளை எங்களிடம் கொண்டுவராதீர்கள். முதலில் படித்தபோது இது கொஞ்சம் திமிராகப் பட்டது. இப்போது அதைவிட நேர்மையான ஆவணம் இல்லை என்று நினைக்கிறேன்.

சின்னதைத் தனியாகப் பேணுவதற்கு இன்னொரு விலை உண்டு, அதைப் பெரியதும் சேர்ந்து கொடுக்கிறது. இதற்கு ஸ்லாப் கதையைத்தான் சொல்ல வேண்டும். கெர்னலுக்குள் சிறு சிறு மெமரித் துண்டுகளைப் பங்கிட்டுத் தரும் பகுதிக்கு நீண்ட காலம் மூன்று மாற்றுகள் இருந்தன: ஸ்லாப், ஸ்லப், ஸ்லாப்-ஓ என்று நான் சொல்லிப் பழகிய எஸ்எல்ஓபி. மூன்றாவதுதான் குட்டிக் கருவிகளுக்கானது. மேட் மேக்கால் எழுதியது. 2003 வாக்கில் லினக்ஸ்-டைனி என்ற பெயரில் கெர்னலைச் சுருக்கும் முயற்சியைத் தொடங்கியவரும் அவரே. எஸ்எல்ஓபி எளிமையானது, சில நூறு வரிகள்தான். ஆனால் அதன் எளிமைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தனிக் கேஷிலிருந்து (cache, ஒரே அளவுத் துண்டுகளின் தொகுப்பிலிருந்து) எடுத்த துண்டைப் பொதுவான கேஃப்ரீ என்ற ஃபங்ஷன் கொண்டு விடுவிக்க அதில் முடியாது; மற்ற இரண்டிலும் முடியும். விளைவு, பெரிய சர்வர்களில் மட்டுமே ஓடப்போகும் கோடை எழுதுபவர்கூட, தான் ஒருபோதும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு குட்டிக் கெர்னலுக்காக அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருக்க வேண்டியிருந்தது. 2023-இல் 6.4 பதிப்பில் எஸ்எல்ஓபி நீங்கியது. அதற்குப் பதிலாக ஸ்லப்பிலேயே சில பகுதிகளைக் கழற்றிக்கொள்ளும் ‘ஸ்லப் டைனி’ என்ற ஆப்ஷன் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. மெமரியில் எஸ்எல்ஓபி அளவுக்குச் சிக்கனம் இல்லை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. சின்னதையும் பெரியதையும் இரண்டு பேர் எழுதிய இரண்டு கோடாக வைத்திருப்பதைவிட, ஒரே கோடின் கைப்பிடியைத் திருகி அளவைக் குறைப்பது எவ்வளவோ மேல்.

தேர்வை எப்போது செய்வது

விநியோகங்கள் இந்தப் பாடத்தை முன்னாலேயே கற்றுவிட்டன என்பது பழைய பேக்கேஜ் பட்டியல்களைப் பார்த்தால் தெரியும். ஒரு காலத்தில் ஃபெடோராவில் கெர்னல் என்று ஒரு பேக்கேஜும் கெர்னல்-எஸ்எம்பி என்று இன்னொன்றும் இருந்தன. ஒரே செயலி இருப்பவர்களுக்கு முதலாவது, ஒன்றுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாவது. ஒற்றைச் செயலிக் கணினியில் பூட்டு போடும் கட்டளைகள் வீண் என்பதுதான் காரணம். 2006-இல் ஓர் அழகான தந்திரம் வந்தது. கெர்னல் எழுந்திருக்கும்போதே எத்தனை செயலி இருக்கிறது என்று பார்த்து, ஒன்றுதான் என்றால் தன் சொந்தக் கட்டளைகளில் இருக்கும் லாக் முன்னொட்டுகளைத் தானே அழித்து, ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றிக்கொள்ளும். இரண்டு பேக்கேஜ் வைத்திருக்க இருந்த காரணம் போய்விட்டது. கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸும் அதே வழிதான்: ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களின் வாசலில் இருக்கும் டிரேசிங் அழைப்புகள், யாரும் கேட்காதவரை வெற்றுக் கட்டளைகளாகக் கிடக்கும். கெர்னலுக்குள் ஓடும் வேலையை எந்த அளவுக்கு இடைமறிக்கலாம் என்பதை பூட்டின்போதே தேர்ந்தெடுக்கும் ப்ரீஎம்ப்ட் டைனமிக் 2021-இல் 5.12 பதிப்பில் வந்தபோது, சர்வருக்கு ஒரு கெர்னல், மேசைக் கணினிக்கு ஒரு கெர்னல் என்று பிரிக்க இருந்த இன்னொரு பெரிய காரணமும் பூட் அளபுருவில் எழுதும் ஒரு சொல்லாகச் சுருங்கியது.

2025-இல் 6.17 பதிப்பில் இன்னும் ஒரு படி போனார்கள். எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலருக்குள் ஒற்றைச் செயலிக்காக இருந்த தனிப் பாதையையே நீக்கிவிட்டு, ஒரு செயலி இருந்தாலும் பல செயலிக்கான கோடே ஓடட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒற்றைச் செயலி கெர்னல் கொஞ்சம் பருத்தது. அந்தப் பாதையை இனி யாரும் தனியாகச் சோதிக்க வேண்டாம். வெட்டும் உரிமையை எடுத்துக்கொள்வது பின்னடைவு என்று வாதிடலாம். ஷெட்யூலர் போன்ற நடுநாடியில் இரண்டு விதிகள் இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

ஆண்ட்ராய்டும் சுற்றி வளைத்து இங்கேதான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு சிப் தயாரிப்பாளரும், ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் கெர்னலைத் தம் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டியதில், ஒரு பாதுகாப்புத் திருத்தம் எல்லாருக்கும் போய்ச் சேருவது பெரும்பாடாக இருந்தது. இப்போது ஜிகேஐ என்ற ஏற்பாட்டில் நடுக்கெர்னல் எல்லாருக்கும் பொது. தனிப்பட்ட டிரைவர்கள் மாட்யூல்களாக வெளியே. ஆண்ட்ராய்டு 12 முதல், 5.10 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலோடு வெளிவரும் போன்களுக்கு இது கட்டாயம். மையம் மாறாது, ஓரங்கள் மாறும்.

இவ்வளவு சொன்ன பிறகு, முழுக் கெர்னலே எல்லாருக்கும் போதும் என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் 2017 நினைவுக்கு வருகிறது.

இருப்பதும் அனுமதிப்பதும்

அந்த வருடம் டிசிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறையில் ஒரு பிழை வெளிவந்தது. பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது எண்ணில் சொன்னால் சிவிஇ-2017-6074. ஒரே மெமரித் துண்டை இரண்டு முறை விடுவிக்கும் பிழை. சாதாரணப் பயனர் ஒருவர் அதை வைத்து ரூட் ஆகிவிடலாம். பிழை 2005-இலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. டிசிசிபியைப் பயன்படுத்திய ஒருவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பல விநியோகங்கள் அதை மாட்யூலாகக் கட்டித் தந்தன. மாட்யூல்தானே, ஏற்றாவிட்டால் ஒன்றுமில்லையே என்றால், யார் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம். எந்த உரிமையும் இல்லாத ஒரு புரோகிராம் “டிசிசிபி சாக்கெட் வேண்டும்” என்று கேட்டாலே போதும், கெர்னல் தானாகவே அந்த மாட்யூலைத் தேடி உள்ளே கொண்டுவந்துவிடும். அதே வருடம் வெளிவந்த என்-எச்டிஎல்சி பிழையும், சிவிஇ-2017-2636, இதே போலத்தான்: சீரியல் தொடர்புக்கான ஒரு பழைய மாட்யூல், கேட்ட மாத்திரத்தில் வந்து நிற்கும். டிசிசிபியையே 2025-இல், 6.16 பதிப்பில், மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்.

ஆக, மாட்யூலாக வைத்தால் சின்னதாகிவிட்டது என்ற எண்ணமும் அரைகுறைதான். டிஸ்க்கில் தூங்கும் மாட்யூல் மெமரியை எடுக்காது, வேகத்தைக் குறைக்காது. தாக்குபவரின் கணக்கில் மட்டும் அது இருந்துகொண்டே இருக்கும். அளவைப் பற்றிய சண்டையில் நாம் எப்போதும் “கெர்னலில் எவ்வளவு இருக்கிறது” என்று கேட்கிறோம். “ஓடும்போது எவ்வளவு கைக்கு எட்டுகிறது” என்பது வேறு கேள்வி, அதற்கான விடையைக் கம்பைல் செய்யும்போது எழுத வேண்டிய அவசியமே இல்லை. ரெட் ஹேட் குடும்பத்தில் அதிகம் புழங்காத மாட்யூல்களை கெர்னல்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்று தனிப் பேக்கேஜாகப் பிரித்துவைத்து, அவற்றில் பலவற்றைத் தானாக ஏறவிடாமல் தடுத்தும் வைக்கிறார்கள். அதைவிடக் கடுமையான ஒன்று 2009 முதல் கெர்னலிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: மாட்யூல்ஸ் டிஸேபிள்டு என்ற சிஸ்கன்ட்ரோல் (sysctl, ஓடும்போதே மாற்றக்கூடிய கெர்னல் அமைப்பு). அதில் 1 என்று எழுதிவிட்டால் அடுத்த ரீபூட் வரை எந்த மாட்யூலும் ஏறாது. ரூட்டே நினைத்தாலும் அதைத் திரும்ப 0 ஆக்க முடியாது.

எங்கள் அணியில் அந்தச் சென்சார் விவகாரத்துக்குப் பிறகு இந்தப் பக்கம்தான் நகர்ந்தோம். இரண்டு கான்ஃபிக் ஒன்றானது. ரெகுலேட்டர், கிளாக், பிரிண்ட்கே போன்ற நடுப்பகுதிகள் எல்லாம் கட்டாயம். மற்றவை மாட்யூல்; கருவிக்கு எது தேவையோ அந்த மாட்யூல்கள் மட்டும் ரூட் ஃபைல் சிஸ்டத்தில் போகும். பூட் முடிந்ததும் மாட்யூல் கதவு சாத்தப்படும். மேசையில் இருக்கும் போர்டும் வாடிக்கையாளரிடம் இருக்கும் கருவியும் ஒரே கெர்னல் இமேஜ், பைட் மாறாமல். யூஎஸ்பியில் பிறகு ஏதாவது செருகினால் வேலை செய்யாதே என்று ஒருவர் கேட்டார். செய்யக்கூடாது என்றுதான் சாத்தினோம்.

தேவை எது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமான பகுதி. கெர்னலோடு வரும் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை இந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து மற்றவற்றை நீக்கிவிடும். அந்த நொடியில் ஈத்தர்நெட் அடாப்டர் செருகப்படாமல் இருந்தால் அதன் கதி அதோகதி. ஆர்ச் லினக்ஸ் பக்கத்து ஆட்கள் இதற்காகவே மாட்புரோப்டு-டிபி என்ற கருவியை வைத்து, காலப்போக்கில் ஏறிய எல்லா மாட்யூல்களையும் குறித்துவைத்துக்கொண்டு பிறகு வெட்டுகிறார்கள். கணினியை நன்றாகப் புழங்கிவிட்டுப் பிறகு வெட்டுவது, பட்டியலைப் பார்த்து ஊகித்து வெட்டுவதைவிடப் பத்து மடங்கு உருப்படியான முறை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு தரப்பை மட்டும் என்னால் பேசிச் சமாளிக்க முடியவில்லை. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் கொண்ட பழைய ரௌட்டர்களை, ரௌட்டர்களுக்கான லினக்ஸ் விநியோகமான ஓபன்டபிள்யூஆர்டி காலப்போக்கில் கைவிட்டது. கெர்னலும் மற்றவையும் வளர்ந்துகொண்டே போனதில் அந்த இடம் போதவில்லை. ஹார்டுவேரில் ஒரு பழுதும் இல்லை. இன்றைக்கும் பாக்கெட்டுகளை அனுப்பத் தயாராக இருக்கும் பெட்டிகள். “மையத்தை எல்லாருக்கும் ஒன்றாக வை, ஓரத்தை மட்டும் மாற்று” என்று நான் சொல்லும்போது, அந்த மையமே உள்ளே நுழையாத கருவிகளுக்கு என்னிடம் பதில் கிடையாது. ஒற்றைச் செயலி ஷெட்யூலர் போனதும், எஸ்எல்ஓபி போனதும் எனக்குச் சரியாகப் பட்டன. அவற்றால் கூடிய ஒவ்வொரு கேபியும் இப்படிப்பட்ட பெட்டிகள் மேல்தான் ஏறியிருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் இன்னும் பிரிண்ட்கேயை எடுத்துவிட்டுத்தான் கம்பைல் செய்துகொண்டிருப்பார்கள், வேறு வழியில்லாமல்.